எடிங்ரனின் சீட்டுக்கட்டு

ஆதர் எடிங்ரனின் ‘பௌதிக உலகின் இயல்பு’ (1928) என்னும் நூல், ஒழுங்கின்மையின் அளவாகிய எந்திரப்பி பெருகுதலைச் சீட்டுக்கட்டைக் கலைத்தலோடு ஒப்பிடுகின்றது. கலத்தில் அடைத்த வாயுவுக்கு இவ்வுவமை நன்கு பொருந்தும். சீராகப் பரவிய நிலையே அங்கு எந்திரப்பி மிகுந்த நிலை. விண்வெளியிற் பரந்த வாயுமுகிலுக்கோ அது பொருந்தாது. சீட்டுக்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லையன்றோ! முகில் தன் ஈர்ப்பினாற் சுருங்கும். சுருங்குந்தோறும் வெப்பமேறி ஒளிவீசும். திரளின் எந்திரப்பி குறையினும், வெளிச்செல்லும் கதிர்வீச்சு அக்குறைவினும் கூடிய எந்திரப்பியைக் கொண்டு செல்லும். ஆதலின் ஈர்ப்பு ஆளுமிடத்துச் சீரான பரம்பலே எந்திரப்பி குன்றிய நிலையாகும். 1919ஆம் ஆண்டுக் கிரகணத்தில் ஈர்ப்பினால் ஒளி வளைவதை அளந்த பேரறிஞர், தம் உவமையில் அவ்வீர்ப்புக்கு இடந்தராதமை வியப்பே. பெக்கென்ஸ்ரைனும் ஹோக்கிங்கும் 1970களில் நிறுவிய சூத்திரத்தின்படி, ஞாயிற்றின் திணிவுடைய கருந்துளையின் எந்திரப்பி ஞாயிற்றின் எந்திரப்பியினும் கோடிகோடி மடங்குக்கு மேற்பட்டது.