வெள்ளைத் திரையும் வழுக்கும் கண்ணும்

பந்துவீச்சாளர் ஓடி வருகிறார். கிரீஸை நெருங்கும் நேரம் பார்த்து பேட்ஸ்மேன் கையைத் தூக்கிவிட்டு ஸ்டம்பிலிருந்து விலகிக்கொள்கிறார். பந்துவீச்சாளருக்குப் பின்னால் இருக்கும் சைட் ஸ்கிரீன் ஓரமாக யாரோ தண்ணீர் பாட்டிலோடு நடந்து போகிறார். ஸ்டாண்டிலிருந்து கூச்சல்: "பந்தைப் பாருப்பா, ஆளை எதுக்குப் பாக்குற?" நானும் அப்படிக் கத்தியவன்தான். இப்போது கத்துவதில்லை.

ஏன் என்று புரிய, ரயிலில் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்களை எதிர் சீட்டிலிருந்து கவனியுங்கள். (அவருக்குத் தெரியாமல்தான்!) கருவிழி ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அதனுடனே மெல்ல நகரும், வெடுக்கென்று எதிர்ப்பக்கம் தாவும், அடுத்த கம்பத்தைப் பிடிக்கும். ஊர் போய்ச் சேரும்வரை இதே வேலை. கேட்டால், "சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார். பொய்யில்லை, அவருக்கு அது தெரியவே தெரியாது. குதிரைப்படை அணிவகுப்பை வேடிக்கை பார்த்தவர்களின் கண்களில் இந்த ஆட்டத்தைக் கவனித்து, 1825 வாக்கில் எழுதி வைத்தார் புர்கினியே என்ற உடலியல் விஞ்ஞானி. கண் மருத்துவர்கள் கைக்குழந்தையின் முன் கோடு போட்ட உருளையைச் சுற்றுவதும் இதற்காகத்தான். "தெரியுது" என்று குழந்தையால் சொல்ல முடியாது, கண் சொல்லிவிடும்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். மணிக்கு 145 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 40 மீட்டர். கையை விட்ட பந்து மட்டைக்கு வர அரை நொடிகூட ஆகாது. 'கடைசி வரை பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே' என்பது நம் ஊர் கோச்சுகள் காலையும் மாலையும் சொல்லும் மந்திரம். 2000-இல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில் கேமராவைப் பொருத்தி, பௌலிங் மெஷின் முன் நிறுத்திப் பார்த்தார்கள். யாருமே கடைசி வரை பந்தைத் தொடரவில்லை. கிளம்பும்போது ஒரு பார்வை. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது பிட்ச் ஆகப்போகும் இடத்துக்கு ஒரே தாவல். அங்கே காத்திருந்து மறுபடி பிடிக்கிறார்கள். நல்ல பேட்ஸ்மேன் சீக்கிரம் தாவுகிறார், சுமாரானவர் தாமதமாகத் தாவுகிறார். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

எங்கே தாவுவது என்ற கணக்கு முழுக்க முதல் பார்வையைத்தான் நம்பியிருக்கிறது. அந்த முதல் பார்வையின்போது பந்து தெரிவது சைட் ஸ்கிரீனுக்கு முன்னால்.

முன்னணி பேட்ஸ்மேன்களை வைத்து 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு, அவர்கள் பந்தோடு தலையையும் சேர்த்துத் திருப்புகிறார்கள் என்று காட்டியது. கேட்க எளிது. ஆனால் தலை திரும்பினால் கண் தானாக எதிர்ப்பக்கம் போகும். நடக்கும்போது கடைப் பலகை குலுங்காமல் தெரிவது இந்த அனிச்சைச் செயலால்தான். போதாததற்கு, கண் பந்தோடு நகரும்போது பின்னால் இருக்கும் காட்சி எதிர்த்திசையில் வழுக்குகிறது. ரயில் ஜன்னல் பழக்கத்தில் கண் அதன் பின்னாலேயே போகப் பார்க்கும். இரண்டையும் அடக்கிக்கொண்டுதான் கவர் டிரைவ் ஆட வேண்டும்.

சிவப்புப் பந்துக்கு வெள்ளைத் திரை, வெள்ளைப் பந்துக்குக் கறுப்புத் திரை என்பது பந்து பளிச்சென்று தெரிவதற்காக. அது முதல் காரணம், சரி. ஆனால் வெறும் திரையில் கண் பிடித்துத் தொங்க ஒரு கம்பம்கூட இல்லை என்பதும் அதே அளவு பெரிய உதவி என்று நினைக்கிறேன். அதன் ஓரத்தில் ஒரு பாட்டில் நகர்ந்தால் போதும், கம்பம் நட்டாயிற்று. விதி எழுதியவர்களுக்கும் இது புரிந்திருக்கிறது: பந்தை எதிர்கொள்ளத் தயாராகும்போது சத்தமோ அசைவோ பேட்ஸ்மேனின் கவனத்தைக் கலைத்தால் 'டெட் பால்' என்கிறது 20-ஆவது விதி. கலைத்தது ஆட்டத்துக்கு வெளியே இருந்தாலும் சரி.

நாங்கள் ஆடிய மைதானத்தில் திரை கிடையாது. பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் பஸ் ரோடு. விலகினால் "பயந்துட்டான்" என்பார்கள் என்று நின்று ஆடி, போல்டாகி வந்து, "குறுக்க பஸ்ஸு போச்சுண்ணே" என்பேன். கேப்டன் பேடைக் கட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்பார்: "எந்த ரூட்டுடா?"