தங்கம் என்று பெயர் வைத்த சோதனை

“சளியே வெளிவராத நோயாளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? நல்லவேளை, டிபி கோல்டு இருக்கிறது.” தனியார் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றும் நண்பர் அண்மையில் இப்படிச் சொன்னார். இதே சமாதானத்தைப் பல ஆண்டுகளாக வெவ்வேறு வாய்களில் கேட்டுவருகிறேன். விடாத இருமல் என்றால் எக்ஸ்ரேயுடன் டிபி கோல்டு என்ற ரத்தச் சோதனையும் எழுதித் தருவது நம்மூர்த் தனியார் மருத்துவத்தில் பழக்கமாகிவிட்டது. ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் ஆறு மாத மாத்திரை. இந்தப் பழக்கம் தவறு என்பது என் கட்சி.

சோதனையின் தொழில்நுட்பத்தில் எனக்குக் குறை இல்லை. காசநோய்க் கிருமிக்கே உரிய இரண்டு புரதங்களின் துண்டுகள் இருக்கும் குழாயில் ரத்தத்தை எடுத்து, உடற்சூட்டில் ஓர் இரவு வைக்கிறார்கள். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த டி செல்கள் ரத்தத்தில் இருந்தால் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும். அழற்சியைக் கிளப்ப ஒரு செல் மற்றொரு செல்லுக்கு அனுப்பும் சேதி அது. அதைப் பிடிக்கத்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே செல்லின் வழிவந்து ஒரே இலக்கை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள். தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி புரதத்தைப் பிடித்து நிறுத்தும், நொதி ஏற்றிய இன்னோர் ஆன்டிபாடி அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பற்றும், நிறம் எழும். நிறத்தின் அடர்த்தியிலிருந்து அளவு தெரியும். கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் வெளியிட்டு, 1984-இல் நோபல் பரிசு பெற்ற நுட்பத்தின் பேரப்பிள்ளை இது. வேறு புரதத்தைத் தவறிப்போய்ப் பிடிப்பது அரிது.

தோலில் போட்டுத் தடிப்பைப் பார்க்கும் பழைய மான்டூ ஊசியைவிட இது மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் தொடங்கிய பிசிஜி ஆய்வை இங்கே நினைக்க வேண்டும். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் தூரத்து உறவுக் கிருமிகள் அந்த மக்களில் பெரும்பாலோரின் தோலை ஏற்கெனவே பழக்கிவைத்திருந்தன. ஊசி போட்ட இடம் தடித்தால் அது காசநோய்க் கிருமியாலா, பக்கத்து வீட்டுக் கிருமியாலா என்று பிரிப்பது பெரும் பாடாக இருந்தது. டிபி கோல்டில் உள்ள இரண்டு புரதங்களும் பிசிஜியில் கிடையாது. சுற்றுப்புறக் கிருமிகளில் பெரும்பாலானவற்றிலும் கிடையாது. அந்தக் குழப்பத்தை இது தீர்த்தது.

சரியான இடத்தில் பயன்படுத்தினால் உயிர்காக்கவும் செய்யும். முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை முடக்கும் ஊசி தொடங்குமுன், சிறுநீரகம் மாற்றுமுன், கல்தூசியால் சிலிக்கோசிஸ் வந்தவரிடம், உள்ளே உறங்கும் தொற்று இருக்கிறதா என்று பார்க்க இது ஏற்றது. இத்தனையும் நோய் வராமல் தடுப்பதற்கான தேடல். வந்த நோயைக் கண்டறிவது வேறு வேலை.

என் பழைய வழக்கு இங்கிருந்து தொடங்குகிறது. இன்டர்ஃபெரான் காமா கிருமியின் பொருள் அன்று, உடம்பின் பொருள். இந்தச் சோதனை காட்டுவது உடம்பின் ஞாபகத்தை. கிருமி நேற்று வந்ததா, முப்பது வருடம் முன்பு வந்து அடங்கிவிட்டதா, இப்போது நுரையீரலைத் தின்கிறதா என்று கேட்டால் மூன்றுக்கும் அதே நிறம்தான் எழும். கல்யாண வீட்டு மொய்ப்பேட்டில் பெயர் இருப்பவர் இன்னும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல முடியுமா?

கணக்கைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய் கணக்கெடுப்பு இதே இன்டர்ஃபெரான் காமா சோதனையைக் கொண்டு தொற்றை அளந்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் 31 சதவீதத்தினரிடம் தொற்று. நுரையீரல் காசநோய் கிருமிச் சான்றோடு உறுதியானதோ லட்சத்துக்கு 316 பேரிடம். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் 31,000 ‘பாசிட்டிவ்’ கிடைக்கும். அந்த 316 பேரும் அதற்குள்ளேயே இருப்பதாக வைத்துக்கொண்டாலும் நூறில் ஒருவர்தான் நோயாளி. இருமலோடு வருபவரிடம் இந்த விகிதம் கூடும் என்பார் நண்பர். கூடட்டும். ஆனால் ஆஸ்துமாவால் இருமுகிறவரும் அதே ஊர்க்காரர்தானே? அவரிடமும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் ‘பாசிட்டிவ்’ வரும். வயது ஏற ஏற அதற்கு மேலும் வரும்.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பியை நினைத்துக்கொள்வோம். அப்பா உளியால் செதுக்கிய கருங்கல்லை மகன் கிரைண்டரில் அறுக்கிறார். மாவு போலப் பறக்கும் தூசியில் இருபது வருடம். ஐம்பது வயதில் இருமலும் மூச்சிரைப்பும். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் மேற்பகுதியிலும் புள்ளிகள். சிலிக்கோசிஸுக்கும் காசநோய்க்கும் எக்ஸ்ரே முகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிலிக்கோசிஸ் இருந்தால் காசநோய் வரும் ஆபத்தும் பல மடங்கு. இரண்டில் எது, அல்லது இரண்டுமேவா என்பதுதான் அவருடைய கேள்வி. இந்தக் கேள்விக்கு மட்டும் டிபி கோல்டிடம் பதில் இல்லை. எப்போதோ ஒட்டிய கிருமியின் ஞாபகத்தில் அது ‘பாசிட்டிவ்’ காட்டும். ஆறு மாத மருந்து தொடங்கும். ஈரல் பாதிக்கப்படலாம், கூலி போகும், காசநோய்க்காரர் என்ற பெயர் ஊரில் ஒட்டிக்கொள்ளும். தூசியைப் பற்றி அந்த ஆறு மாதமும் ஒருவரும் பேச மாட்டார்கள்.

மறுபக்கம் இன்னும் மோசம். நோய் முற்றி, உடம்பு வற்றியவரிடமும் எச்ஐவி உள்ளவரிடமும் டி செல்கள் சோர்ந்துபோகின்றன. சேதி அனுப்ப ஆள் இல்லை, நிறம் எழாது. நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை இந்தச் சோதனை தவறவிடுகிறது. அந்த ‘நெகட்டிவ்’ தாளோடு வீட்டுக்குப் போகிறவர் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருமுவார். தொழுநோய் மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் எதிர்வினையைப் பார்க்கும் லெப்ரோமின் ஊசி எத்தனையோ ஆரோக்கியமானவர்களின் தோலில் தடிக்கும், கிருமி நிறைந்து வழியும் நோயாளியின் தோலில் தடிக்காது என்பது அந்தத் துறையில் பாலபாடம். அதனால்தான் அதை வைத்து யாரும் தொழுநோயைக் கண்டுபிடிப்பதில்லை. காசநோயில் மட்டும் ஏன் இந்தப் பாடம் மறந்தது?

செங்கல்பட்டு ஆய்வே இதை இன்னும் கசப்பாகக் கற்பித்திருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். பிசிஜி பெற்றவர்களின் தோல் இரண்டரை மாதத்தில் மான்டூ ஊசிக்கு அழகாகத் தடித்தது. எதிர்ப்பாற்றல் வந்துவிட்டதற்கு அடையாளம் என்று தோன்றியது. 1979-இல் வந்த முதல் முடிவு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றது. பதினைந்து ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகும் அதே தீர்ப்பு. 2013-இல் தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் எம்விஏ85ஏ என்ற புதிய தடுப்பூசியைச் சோதித்தபோது இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் செல்கள் கிடைத்தன, பாதுகாப்பு கிடைக்கவில்லை. உடம்பு அனுப்பும் சேதியை நிலவரம் என்று படித்தவர்கள் இரண்டு முறையும் ஏமாந்தார்கள். மாத்திரைச் சீட்டு எழுதும்போது மூன்றாவது முறையாக நாம் ஏமாறுகிறோம்.

தெரியாமல் நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. நம்மைப் போன்ற நாடுகளில் காசநோயைக் கண்டறிய இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இலேயே சொல்லிவிட்டது. இந்தியக் காசநோய் சிகிச்சைத் தரநெறிகள் 2014-இல் அதையே திருப்பிச் சொன்னன. இடையில் 2012-இல் ரத்தத்தில் ஆன்டிபாடி தேடும் காசநோய்ச் சோதனைகளை அரசு தடைசெய்தது. காலியான அந்த நாற்காலியில் டிபி கோல்டு வந்து உட்கார்ந்தது என்பது என் எண்ணம். தடை இல்லை, கட்டணம் உண்டு, ஊசி குத்தி எடுத்த ரத்தத்துக்கு அச்சடித்த தாளில் தசம எண் கிடைக்கிறது. 0.34 என்றால் நோயில்லை, 0.36 என்றால் நோய்! அதே ஆளின் ரத்தம் மறுவாரம் கோட்டின் அந்தப் பக்கம் போய்விடும் என்பதைத் தாள் சொல்வதில்லை. தங்கம் என்று பெயர் வைத்தால் உரைத்துப் பார்க்கும் எண்ணமே வராது போலும்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சளி வராதவருக்கு உப்புநீர் ஆவி கொடுத்தால் பெரும்பாலும் வரும். குழந்தையிடம் காலையில் வெறும் வயிற்று நீரை எடுக்கலாம். கழுத்தில் நெறிகட்டியிருந்தால் ஊசியால் உறிஞ்சலாம். எடுத்ததை சிபிநாட், ட்ரூநாட் கருவியில் வைத்தால் கிருமியின் மரபணுவே தெரியும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கேட்குமா கேட்காதா என்பதும் தெரியும். டிபி கோல்டு எத்தனை நுண்மையாக அளந்தாலும் இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லவே முடியாது. அரசு மருத்துவமனைகளில் மரபணுச் சோதனைக்குக் கட்டணமும் இல்லை. இதையெல்லாம் சொன்னபோது நண்பர், “அதற்கு நேரம் ஆகும், நோயாளி ரிப்போர்ட் கேட்கிறார்” என்றார். அந்தச் சிற்பி கேட்டது ரிப்போர்ட்டை அல்ல. ஏன் மூச்சு வாங்குகிறது என்றுதான் கேட்டார்.