கழித்தலின் அழகு
படங்களை வைத்துப் போடும் கணக்குகளில் கழித்தலுக்கே என் முதலிடம். வானத்தின் ஒரே பகுதியை இரண்டு இரவுகளில் படமெடுத்து, பிக்சலுக்குப் பிக்சல் கழித்தால் மாறாத விண்மீன்கள் பூஜ்யமாகி மறைகின்றன. புதிதாக வெடித்த சூப்பர்நோவா தனித்துத் தெரிகிறது. நிரலில் கழிப்பது ஒரே வரி. அதற்கு முந்தைய உழைப்பு இன்னும் அழகு: காற்றின் கலக்கம் இரவுக்கு இரவு மாறுவதால், தெளிவான படத்தை மற்றதன் அளவுக்கு மங்கலாக்கிவிட்டே பெரும்பாலும் கழிக்கிறார்கள்.

படத்தைத் தொட்டாலே பொய்யாகிவிடும் என்று சிலர் சொல்லலாம். பிடிக்காத ஓரிடத்தை மட்டும் அழிப்பதற்கு அது பொருந்தும். இங்கே எல்லாப் பிக்சலுக்கும் ஒரே விதி. எவரும் திரும்பச் செய்து பார்க்கலாம். எண்ணின் எல்லையை மறந்தால்தான் பொய் நுழையும்: பைத்தான் மொழியின் நம்பை (NumPy) நூலகத்தில் குறியற்ற 8 பிட் எண்களாக 50இலிருந்து 60ஐக் கழித்தால் 246 வரும், கருமை இருக்கவேண்டிய இடம் வெளுத்துவிடும். முன்கூட்டியே தசம எண்களாக மாற்றிக்கொண்டால் -10 அப்படியே கிடைக்கும், மங்கிப்போன விண்மீன் ஒன்றின் செய்தியாக.