செவியும் கருவியும்: எகிப்தியப் பாடல் மதிப்பீட்டில் ஒரு நூற்றாண்டு

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ தொகுத்தளித்த ‘கிதாபுல் அகானீ’, அரபு இலக்கியத்தின் பெருங்களஞ்சியங்களுள் ஒன்று. அந்நூலுக்கு அடித்தளமாக அமைந்தது நூறு பாடல்களின் பட்டியல் ஒன்றாகும். கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் அவைப் பாடகர்களைப் பணித்துத் தேர்ந்தெடுக்கச் செய்த பட்டியல் அது என நூலாசிரியர் குறிப்பிடுகிறார். எது சிறந்த பாடல் என்னும் வினாவுக்கு அன்று விடை பகர்ந்தது அரசவை. அவ்வினாவுக்குப் பிற்காலத்தில் விடை கூறியவர் யாவர் என்பதை, இருபதாம் நூற்றாண்டு எகிப்தை முன்வைத்து ஆராய்வதே நம் நோக்கம். இசை ஆகுமா ஆகாதா என்னும் ஃபிக்ஹு விவாதத்துள் நாம் ஈண்டுப் புகவில்லை. மதிப்பீடு எவ்வாறு உருவாகிறது என்பதே நம் வினா.

இசைத்தட்டு வருவதற்கு முன், பாடலின் மதிப்பைத் தீர்மானித்தோர் ‘ஸம்மீஆ’ எனப்பட்ட தேர்ந்த செவியினர். பாடகர் ஓரடியைப் பாடி நிறுத்துவார். அவையோர் மீண்டும் வேண்டுவர். அதே அடி புதிய வடிவில் பிறக்கும். பாடுவோரும் கேட்போரும் ஒருங்கே எய்தும் அந்நெகிழ்ச்சியையே அரபியர் ‘தரப்’ என்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் பரவிய இசைத்தட்டோ ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே கொள்ளும். மீண்டும் வேண்டுவதற்கு அங்கே அவையுமில்லை, நேரமுமில்லை. எனவே ‘தக்தூகா’ என்னும் எளிய சிறு பாடல் தட்டுக்கு ஏற்றதாகச் செழித்தது. 1920களில் அறிஞர் பலர் அதனை மலிவானது, ஒழுக்கக் கேடானது எனக் கடிந்தனர். 1932இல் மன்னர் ஃபுஆதின் ஆதரவில் கெய்ரோவில் கூடிய அரபிசை மாநாட்டிலும், மேலைக் கருவிகள் அரபிசைக்கு ஆகுமா என்பதில் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது.

1934இல் எகிப்தின் அதிகாரபூர்வ வானொலி தொடங்கியபின் நிலைமை மாறிற்று. இசைத்தட்டு பறித்த நேரத்தை வானொலி திருப்பித் தந்தது. அதன் பெரும்பயனைப் பெற்றவர் உம்மு குல்ஸூம். கிராமப் பள்ளிவாசல் இமாமின் மகளான அவர், இளமையில் குர்ஆன் ஓதவும் நபிபுகழ்ப் பாடல்கள் பாடவும் பயின்றவர். எழுத்தின் பிறப்பிடமும் மூச்சின் அளவும் பிறழாத அவருடைய உச்சரிப்பு அப்பயிற்சியின் விளைவே. மாதத்தின் முதல் வியாழன் இரவில் அவருடைய நிகழ்ச்சியை வானொலி நேரடியாக ஒலிபரப்ப, ஒரு பாடலே ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நீள்வதுண்டு. அரங்கில் எழுந்த வேண்டுகோளும் ஆரவாரமும் அரபுலகெங்கும் கேட்டன. இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் புர்தாவை மனனம் செய்து வளர்ந்த நம்மவர், அதனை அடியொற்றி அஹ்மத் ஷவ்கீ யாத்த ‘நஹ்ஜுல் புர்தா’ ரியாள் ஸுன்பாத்தியின் இசையமைப்பில் உம்மு குல்ஸூமின் குரலில் எளிய மக்களின் இல்லங்களைச் சென்றடைந்ததை எண்ணிப் பார்க்கலாம். எழுத்தறியாதவரும் செம்மொழிக் கஸீதாவைச் செவிமடுத்தனர்.

ஆயினும் வானொலி அரசின் வாயிலாகவும் இருந்தது. எக்குரல் ஒலிபரப்பத் தக்கது, எப்பாடல் தகாதது என்பதை அங்கே குழுக்கள் முடிவு செய்தன. உம்மு குல்ஸூமின் மேன்மை அவர்தம் கலையால் விளைந்தது; அம்மேன்மையே ஒரே அளவுகோல் என்னும் எண்ணமோ அவ்வாயிலால் விளைந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பிற்காலத் திறனாய்வின் பெருங்குறை என்பது நம் கருத்து.

உம்மு குல்ஸூம் மறைந்த 1975ஆம் ஆண்டளவில் ஒலிநாடா எகிப்தின் தெருக்களுக்கு வந்துவிட்டது. அன்வர் ஸாதாத்தின் திறந்த பொருளாதாரக் கொள்கையும், வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றோர் கொணர்ந்த ஒலிப்பதிவுக் கருவிகளும் அதனை எளியோர் உடைமையாக்கின. அஹ்மத் அதவிய்யா என்னும் பாடகர் தெருமொழியிலேயே பாடினார். அரசு வானொலி அவரைப் புறக்கணித்தது. ஆயினும் வாடகை வாகனங்களிலும் தேநீர்க் கடைகளிலும் அவருடைய ஒலிநாடாக்கள் சுழன்றன. இரசனை சீரழிந்தது எனத் திறனாய்வாளர் வருந்தினர். ‘மவ்வால்’ என்னும் நாட்டுப்புறப் பாடல் வகையில் அவருக்கிருந்த தேர்ச்சியை அவர்களுள் பலர் செவிகொடுத்துக் கேட்கவில்லை. அதே ஒலிநாடாதான் கண்பார்வையற்ற பேச்சாளர் ஷைகு அப்துல் ஹமீத் கிஷ்க்கின் ஜும்ஆ உரைகளை அரபுலகெங்கும் கொண்டு சென்றது என்பதையும் மறத்தலாகாது. கருவி தன்னளவில் கீழ்மையும் அன்று, மேன்மையும் அன்று.

2000களின் பிற்பகுதியில் கெய்ரோவின் எளிய குடியிருப்புகளில் ‘மஹ்ரகானாத்’ என்னும் புதுவகை பிறந்தது. கணினியே அங்கு இசைக்குழு. ஆட்டோக்களும் கைப்பேசிகளுமே வானொலி. 2020 பிப்ரவரியில் கெய்ரோ விளையாட்டரங்கில் பாடப்பட்ட ‘பின்துல் ஜீரான்’ என்னும் பாடலில் மதுவும் கஞ்சாவும் இடம்பெற்றதால் கண்டனம் எழுந்தது. உடனே இசைக் கலைஞர் சங்கம் இவ்வகைப் பாடகர் எவரும் பொதுமேடையில் பாடக்கூடாதெனத் தடை விதித்தது. அப்பாடலோ யூடியூபில் பத்துக் கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டது. மதுவைப் போற்றும் சொல்லைக் கண்டிப்பது முறையே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு பாடலின் சொற்குற்றத்திற்காக ஒரு வகை முழுவதையும், அதனால் பிழைக்கும் இளைஞர் அனைவரையும் விலக்கியது நீதியாகாது. இத்தடையை அறிவித்த சங்கத்தின் அன்றைய தலைவர் ஹானி ஷாகிர், ஒலிநாடாக் காலத்தில் புகழ் பெற்ற பாடகர் என்பதும் நோக்கத்தக்கது.

இங்கு இரு பிழைகள் எதிரெதிரே நிற்கின்றன. பழைய வாயில் வழியே வந்தது மட்டுமே கலை என்பது ஒன்று. பல கோடிப் பேர் கேட்டதே கலை என்பது மற்றொன்று. முன்னது கருவியின் அதிகாரத்தைக் குரலின் தகுதியாகக் கொள்கிறது. பின்னது கருவியின் எண்ணிக்கையைக் குரலின் தகுதியாகக் கொள்கிறது. பாடற்கலை நாகரிகத்தில் இறுதியில் தோன்றி, அது தேய்கையில் முதலில் மறைவது என்றார் இப்னு கல்தூன். அக்கூற்றைக் காட்டிப் புதிய ஓசை ஒவ்வொன்றையும் வீழ்ச்சியின் அடையாளமாகக் கொள்வோர் உளர். தக்தூகாவைப் பழித்த 1920களின் அறிஞரும் அவ்வாறே வீழ்ச்சி கண்டனர். உம்மு குல்ஸூமின் பொற்காலம் அதற்குப் பின்னரே மலர்ந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் செவியுறுதலின் ஒழுக்கங்களைப் பேசுகையில், கேட்கப்படும் ஒலியோடு கேட்பவரின் உள்ளத்தையும் ஆராய்கிறார். உள்ளத்தில் உள்ளதையே செவியுறுதல் கிளர்த்துகிறது என்பது அவர்தம் முடிபு. திறனாய்வுக்கும் இது பொருந்தும். சொல் நன்றா, உச்சரிப்பு திருந்தியதா, குரல் தன் பொருளை உணர்ந்து பாடுகிறதா என்னும் வினாக்களை அரசவைப் பாடகரிடமும் கேட்கலாம், ஆட்டோவில் ஒலிக்கும் பாடகரிடமும் கேட்கலாம். அவ்வினாக்களைக் கேளாமல், எவ்வாயில் வழியே வந்தாய் என்று மட்டும் கேட்பது, பாடலை மதிப்பிடுவதாகாது. பாடியவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று விசாரிப்பதே ஆகும்.