கூட்டலும் கலவையும்

"ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டேன், மாமா. இனிமே நீங்க மோனோவிலேயே கேட்கலாம்" என்றான் என் மருமான்.

என் அறையில் இருப்பது ஒரே ஓர் ஒலிபெருக்கி. ஸ்டீரியோவில் இடம், வலம் என்று இரண்டு தடங்களாக வரும் சங்கீதத்தில் பாதிதான் அதில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே இரண்டையும் கூட்டி ஒன்றாக்கிக் கொடுத்தான். உபகாரந்தான், மறுக்கவில்லை. ஆனால் 'மோனோ' என்று அவன் சொன்ன வார்த்தை மட்டும் உறுத்தியது. கூட்டி வருவதும் மோனோவும் ஒன்றுதானா?

நான் அப்போது கேட்டுக்கொண்டிருந்தது பீட்டில்ஸ் குழுவினரின் 'ஸார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டு. 1967-ல் வெளிவந்தது. அந்த நாளில் இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் மோனோக் கருவிதான் இருந்தது. ஆகவே குழுவினரும் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் உட்கார்ந்து, குரல் எவ்வளவு, வாத்தியம் எவ்வளவு என்று பொறுமையாக அளந்து கலந்தது மோனோவைத்தான். ஸ்டீரியோக் கலவை பிற்பாடு சில நாட்களில், பெரும்பாலும் குழுவினர் இல்லாமலே, முடிந்தது. ஒரே மூல ஒலிநாடாக்களிலிருந்து பிறந்த இரண்டு கலவைகள் அவை. ஒன்று மற்றொன்றின் சுருக்கம் அல்ல.

இதற்கு அந்தத் தட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணைப் பற்றிய 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' பாட்டு, மோனோவில் சற்று வேகமாக ஓடுகிறது. சுருதியும் ஏறக்குறைய அரை ஸ்வரம் மேலே நிற்கிறது. ஸ்டீரியோவிலோ நிதானமாக, கனத்துப் போய் நடக்கிறது. முதலாவதில் அந்தப் பெண் தப்பிப் போகிறாள். இரண்டாவதில் அவளை வழியனுப்பி எல்லோரும் அழுகிறார்கள். என் ரஸனைக்கு முதலாவதே உயர்ந்தது.

மருமானுடைய கூட்டல் என்ன செய்கிறது? இரண்டு தடங்களையும் கூட்டிப் பாதியாக்கினால், இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் குரல் அப்படியே நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள வாத்தியத்தின் அலை பாதியாகக் குறுகி, பின்னுக்குப் போய்விடும். ஒரு தடத்தில் அலை மேலே எழும்போது மற்றதில் அதே அளவு கீழே இறங்குமானால், இரண்டும் ஒன்றையொன்று தின்று, அந்த ஒலி இல்லாமலே போகும். காது தீர்மானிக்க வேண்டிய அளவைக் கணக்கு தீர்மானிக்கிறது. அந்தப் பாட்டின் வேகமோ மாறுவதே இல்லை. எத்தனை கூட்டினாலும் அந்தப் பெண் மெதுவாகத்தான் நடப்பாள்.

நாவல் எழுதுகிறவனுக்கு இது புதிதல்ல. கணவன் சொன்ன கதையையும் மனைவி சொன்ன கதையையும் கூட்டிப் பாருங்கள். இருவரும் ஒத்துக்கொண்டது உரக்கக் கேட்கும். ஒருவர் மட்டும் அறிந்தது மங்கும். முரண்பட்ட இடம் மறைந்தே போகும். கதை பெரும்பாலும் அங்கேதான் இருந்திருக்கும்!

கூட்டுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டீரியோவை அமைத்தவர்களே அதற்கு இடம் வைத்திருந்தார்கள். ஸ்டீரியோத் தட்டில் ஊசி பக்கவாட்டில் அசைவது இரண்டு தடங்களின் கூட்டுத்தொகை. மேலும் கீழும் அசைவது அவற்றின் வித்தியாசம். 1961-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பிலும் கூட்டுத்தொகையே முதலில் நிற்கிறது. பழைய ரேடியோ வைத்திருந்தவர் கையில் பாதிப் பாட்டோடு நிற்கவில்லை. ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்காக, இரண்டையும் கூட்டித் தரும் வசதி இன்றைய கைபேசிகளில் இருக்கிறது. இவையெல்லாம் நல்ல காரியங்கள்.

கூட்டியதைக் கலவை என்று பெயர் மாற்றிக் கொடுப்பதுதான் குற்றம். 1969-ல் இங்கிலாந்தில் மோனோ என்று விற்கப்பட்ட 'எல்லோ ஸப்மரீன்' தட்டு, ஸ்டீரியோவைக் கூட்டி எடுத்ததே. இத்தனைக்கும் அதிலிருந்த 4 புதிய பாட்டுகளுக்கும் தனியாகக் கலந்த மோனோ இருந்தது! 2009-ல் பீட்டில்ஸ் மோனோத் தொகுப்பு வந்தபோதுதான் அவை வெளிச்சத்துக்கு வந்தன. நாற்பது வருஷம், வாங்கியவர்கள் கேட்டது கணக்கை. பெட்டிக்குள் தூங்கியது கலை.

மருமான் செய்த இணைப்பை நான் கழற்றிவிடவில்லை. ஸ்டீரியோவில் மட்டுமே கிடைக்கும் சங்கீதத்தை அதன் வழியாகத்தான் கேட்கிறேன். 'ஸார்ஜென்ட் பெப்ப'ருக்கு மட்டும் அசல் மோனோப் பதிப்பைத் தேடி வாங்கிவிட்டேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"என்ன மாமா, பொண்ணு இன்னிக்கு வேகமாப் போறா!" என்றான்.

அவள் முதலிலிருந்தே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.