லயத்து வாசலில் தீராத வழக்கு

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் வழக்காடுவோர் இன்னார் என்பதும் தெரிந்துவிடும். மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் இரவு. பந்தல் வேலையை முடித்துவிட்டு, குளிருக்குக் கம்பளிச் சட்டையும் போர்வையுமாகச் சிலர் லயத்து வாசலில் அமர்ந்திருந்தனர். அவருள் ஒருவர் எழுபத்தைந்தைக் கடந்த முன்னாள் கிராணி. மற்றொருவர் அவருடைய தங்கை மகன், கோயில் குழுவின் செயலாளர், நாற்பது வயதிருக்கும். மாமன் நாத்திகர், மருமகன் ஆத்திகர்.

"சாமி உண்மையிலே இருந்தா, பந்தலை அதுவே கட்டிக்காதா, மருமகனே?" என்றார் பெரியவர்.

"கட்டத்தானே உங்களை அனுப்பிச்சிருக்கு, மாமா" என்றார் இளையவர்.

உண்மையில் பந்தற்கால் நட்டவருள் பெரியவரும் ஒருவர். எல்லாரும் சிரித்தனர். அதன்பின் நள்ளிரவு வரை வழக்கு நடந்தது. உலகைப் படைத்தவன் யார், படைத்தவனைப் படைத்தவன் யார், நல்லவனுக்கு நோயும் தீயவனுக்கு வாழ்வும் ஏன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வினாக்கள். அவற்றுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன விடைகள். இருவரும் ஓரங்குலமும் நகரவில்லை. அடுத்த ஆண்டும் இதே வாசலில் இதே வழக்கு நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் இருவர் முகத்திலும் சலிப்பில்லை. ஏன்?

வேலையற்றவர் பேச்சு என்று தள்ளிவிடுவோர் உண்டு. அறியாமையால் வரும் பிடிவாதம் என்று ஒவ்வொரு கட்சியும் மற்றதைச் சொல்வதுண்டு. இவ்விரண்டும் போதா. நம் பழைய தருக்க நூலார் வாதத்தை மூன்றாகப் பிரித்தனர். உண்மையை நாடுவது வாதம். வெற்றியை நாடுவது செற்பம். தனக்கென ஒரு கொள்கையும் நாட்டாமல் எதிரியின் கொள்கையை இடிப்பது மட்டுமே விதண்டை. லயத்து வாசலில் நடப்பதை இம்மூன்றில் எதில் சேர்ப்பது என்று எண்ணிப் பார்த்தேன். உண்மையை நாடியிருந்தால், விடை கிடையாதென்று கண்ட பத்தாம் ஆண்டிலாவது நின்றிருக்கும். வெற்றியை நாடியிருந்தால் தோற்றவர் ஒருவர் இருக்க வேண்டும். விதண்டை எனலாமோ என்றால், இருவருக்கும் சொந்தக் கொள்கை உறுதியாகவே இருக்கிறது.

நம் இலக்கியத்தில் இவ்வழக்கு மிகப் பழையது. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவராய்ச் சென்று கேட்கும் காதையில், கடைசியாக வருபவன் பூதவாதி. உடம்போடு உயிரும் முடிந்தது, கண்ணாற் கண்டதே மெய் என்பது அவன் கொள்கை. மற்றவரைக் கேட்டு நகர்ந்த மணிமேகலை இவனிடம் மட்டும் நகைத்து எதிர்வாதம் செய்கிறாள்: அனுமானத்தாலன்றி உன் தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தாய் என்பது அவள் கேள்வியின் சாரம். நீலகேசியின் பத்துச் சருக்கங்களில் இறுதியானதும் பூதவாதமே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற கொள்கைகளை மறுக்கப் புகுந்தபோது, முதலில் நிறுத்தியது உலகாயதனை. ஒருவர் அவனை வாயிலில் வைத்தார்; மற்றவர் முடிவில் வைத்தார். அவனை விட்டுவிட்டுச் சமயநூல் செய்ய எவருக்கும் மனம் வரவில்லை. நாத்திகனின் சொல்லில் பெரும்பகுதி நமக்கு வந்து சேர்ந்ததே அவனை மறுத்தவர்களின் ஏட்டில்தான்.

பிற்காலத்தில் நிலை மாறியது. 1882 முதல் 1888 வரை சென்னையில் 'தத்துவவிவேசினி' என்னும் இதழ் நாத்திகரின் சொந்தக் குரலாகவே வெளிவந்தது. ஈரோட்டில் 'குடி அரசு' தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது. நம் மேடைப் பேச்சாளர்கள் இதை ஏனோ அதிகம் நினைப்பதில்லை.

இனி 1943ஆம் ஆண்டை நோக்குவோம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற கட்சியை அண்ணாதுரை ஏற்று, பிப்ரவரி 9இல் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் ரா. பி. சேதுப்பிள்ளையுடனும், மார்ச்சு 14இல் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் சொற்போர் புரிந்தார். 'தீ பரவட்டும்' என்று நூலாகவும் வந்தது. இதில் நான் காட்ட விரும்புவது ஒன்றே. அண்ணாவும் பாரதியாரும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஒரே பக்கம் நின்றவர்கள். இருவருக்கும் தமிழ் தாய். அத்தாயின் வீட்டில் கம்பனுக்கு எந்த இடம் என்பதே வழக்கு. வீட்டுக்கு வெளியே நிற்பவனோடு எவரும் இவ்வளவு நெடுநேரம் வழக்காடுவதில்லை. திருவிழா இரவில் அந்த மாமனும் மருமகனும் பக்கத்து லயத்து வங்காளதேசத் தொழிலாளியிடம் கடவுள் உண்டா என்று கேட்கவில்லை அல்லவா? அவர் தொழுதுவிட்டு வந்து பந்தல் மூங்கிலுக்குக் கை கொடுத்தார், அவ்வளவே.

ஆகவே இவ்வழக்கின் பொருள் கடவுள் மட்டும் அன்று. எங்கள் பெயரால் பேசும் உரிமை எவருக்கு என்பது அதன் அடியில் கிடக்கும் கேள்வி. இதைத் தேயிலை மலையில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலையில், 1929இல் ரசல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு முதன்முறை வந்தார். தேயிலைக் கன்றும் சுயமரியாதைப் பேச்சும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் இந்நாட்டில் ஊன்றப்பட்டன எனலாம். 1935இல் சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கிய பின், அப்பேச்சு தோட்டங்களுக்கு அச்சில் வரலாயிற்று. 1954ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் இரண்டாம் முறை வந்தார். நம் கிராணியின் தந்தையார் அப்போது கேட்டு வந்ததைத்தான் மகனுக்குச் சொன்னாராம்.

தோட்டத்தில் நிலம் துரையுடையது, வீடு துரையுடையது, பெரட்டு மணியும் அவருடையது. கல்லும் மண்ணும் சுமந்து தொழிலாளி தானே எழுப்பிய கட்டடம் ஒன்றே ஒன்று: கோயில். "அந்தக் கோயிலில் ஒன்றுமில்லை" என்ற சொல் மருமகனின் காதில் எப்படி விழும்? தன் பாட்டன் பாட்டி இந்த மலையில் விட்டுச் சென்ற ஒரே பொருளும் ஒன்றுமில்லை என்று விழும். அவர் கடவுளுக்காகச் சினப்படவில்லை. மறுபுறம், மாமனின் நினைவில் இருப்பது வேறு. முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு, பரிவட்டம் எவருக்கு, எந்தச் சாதியார் எந்த இடத்தில் நிற்பது என்பன தோட்டங்களில் கோயில் வாசலிலேதான் முடிவாயின. லயங்கள்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்ட காலம் உண்டு. "சாமி எல்லாருக்கும் பொது" என்று மருமகன் சொல்லும்போது, தம் தந்தை ஓரமாய் நின்றதை மறந்துவிடு என்று தமக்குச் சொல்வதாகவே மாமன் கேட்கிறார். ஒருவர் கேட்ட வினாவுக்கு மற்றவர் விடை சொல்லவில்லை. சொன்ன விடைக்குரிய வினாவை எவரும் கேட்கவும் இல்லை. இப்படி நடக்கும் வழக்கு எவ்வாறு தீரும்?

இரு கட்சியார் மீதும் எனக்குக் குறை உண்டு. மாமன் பேசும் நாத்திகம் ஈரோட்டில் நெய்த துணி. அங்கே அது அதிகாரத்தில் இருந்தவரை நோக்கிச் சொல்லப்பட்டது. இங்கே அதே சொல், நாட்டில் சிறுபான்மையாகிப்போன ஒரு கூட்டத்தின் ஒதுங்கிடத்தின் மீது விழுகிறது. 1969 கலவரத்துக்குப் பின், 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாத்திகரின் பிள்ளையும் அதைச் சொல்லித்தான் வகுப்புக்குச் செல்ல வேண்டும். இப்புதிய நிலத்தில் பகுத்தறிவாளன் நிற்க வேண்டிய இடம் எது என்று நம் நாத்திகர் புதிதாக எண்ணிப் பார்த்த எழுத்து மிகக் குறைவு. 1929ஆம் ஆண்டுச் சொற்பொழிவையே மீண்டும் மீண்டும் பேசுகின்றனர்.

ஆத்திகர் நிலை இதனினும் எளிது. அதனால் இதனினும் மெலிந்தது. அவர்களுடைய விடைகளும் தமிழ்நாட்டு உபந்நியாசகரின் ஒலிநாடாவிலிருந்து இறங்கியவை. தீமிதிக்கும் அலகுக்கும் அறிவியற் காரணம் தேடிச் சொல்கிறார்கள். நம்பிக்கைக்கு எதற்கையா அறிவியலின் சான்றிதழ்? எதிரியின் அளவுகோலைக் கடன் வாங்கி அளக்கத் தொடங்கியவுடன் பாதி வழக்கு தோற்றுவிட்டது. சித்தியார் ஆசிரியர் உலகாயதனை மறுக்குமுன் அவன் கூற்றை முழுதும் எடுத்துவைத்தார். அந்தப் பொறுமை இன்று மேடையில் எவரிடமும் இல்லை.

ஒன்று கவனிக்கத் தக்கது. தீர்க்கக்கூடிய பகுதிகள் தீர்ந்த இடங்களில் வழக்கும் தணிந்தது. புரோகிதரில்லாத திருமணம் செல்லுமா என்று ஒரு காலத்தில் ஊரே இரண்டுபட்டது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னைச் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிற்று. மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982இல் நடைமுறைக்கு வந்தபின், ஐயர் வந்தாலும் வராவிட்டாலும் பதிவுதான் திருமணம். இன்று அதுபற்றி லயத்து வாசலில் எவரும் தொண்டை வறளப் பேசுவதில்லை. கடவுள் உண்டா என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் விடை சொல்லவும் இல்லை.

கோயிற் பொருளும் கோயில் நிலமும் அப்படித் தீரவில்லை. தமிழ்நாட்டில் நீதிக்கட்சி ஆட்சிக்காலத்திலேயே அறநிலையச் சட்டம் வந்தது. பினாங்கிலும் அறநிலைய வாரியம் உண்டு. பகாங்கில் கோயில் என்பது பெரும்பாலும் ஒரு சங்கம். அதன் குழு எத்தகையதோ, கணக்கும் அத்தகையது. நிலமோ தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் கைமாறினால், வீட்டுமனையானால், நூறாண்டுக் கோயிலும் ஒரே நாளில் ஆக்கிரமிப்பு ஆகிவிடும். சுபாங் ஜெயாவில் பழைய சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலின் இடத்தைப் பற்றிய தகராறு 2018 நவம்பரில் கலவரமாகி, காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் உயிரிழந்ததை நாடறியும். "கோயில் யாருடையது, கணக்கு எங்கே?" என்ற நாத்திகரின் பழைய கேள்வி, ஆத்திகர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பட்டா இல்லாத கோயிலுக்கு மேலும் ஒரு நிலைக் கோபுரம் கட்டுவதா என்று மருமகன் மாமனிடம் யோசனை கேட்டால், அன்றிரவு வழக்கு வேறு திசையில் போயிருக்கும்.

கடவுள் உண்டா இல்லையா என்பது நிலப்பட்டாவைவிடப் பெரிய கேள்வி, அதை இப்படிக் குறுக்கலாமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். குறுக்கவில்லை. அக்கேள்வி தனக்குரிய பெருமையோடு பேசப்பட வேண்டுமானால், மற்றவை அதன் போர்வைக்குள் ஒளிந்து வரக்கூடாது என்பதே நான் சொல்வது. மகனைப் பறிகொடுத்த ஒருவர் "ஏன்?" என்று கேட்கும்போது அக்கேள்வி தூய உருவில் வருகிறது. அப்போது இரு கட்சியாரும் வாயடைத்து நின்று பாடைக்குத் தோள் கொடுப்பதையும் இதே லயத்தில் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. மணிமேகலை, குண்டலகேசி, நீலகேசி என்று தமிழில் சமயவாதம் புரிந்த காப்பிய மாந்தர் மூவரும் பெண்கள். இம்மலையில் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து கிள்ளியவரிலும் பெண்களே மிகுதி. விடியலில் பால்குடம் எடுக்கப் போவதும் அவர்களே. அன்றிரவு லயத்து வாசலில் வழக்காடியவர், நடுவர், கேட்டுச் சிரித்தவர் அனைவரும் ஆண்கள். கிராணியின் மனைவியார் ஒரு தட்டில் தேநீர்க் குவளைகளைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா, நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டேன். "நாளைக்கு எண்ணூறு பேருக்குச் சோறு. அரிசி இன்னும் வரலை. அதை யாராவது கேட்டீங்களா?" என்றார். மாமனும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, லாரிக்காரனுக்குத் தொலைபேசி செய்ய எழுந்தனர்.