கொட்டாங்கச்சி வயலின்

மெரினா மணலோ, தேர்த் திருவிழாவோ, நெரிசலான பேருந்து நிலையமோ, பாட்டுக் கேட்க யாரும் கிளம்பி வராத இடத்தில்தான் கொட்டாங்கச்சி வயலின்காரரின் கச்சேரி. தோளில் ஒரு கட்டு வயலின் தொங்கும். கையில் ஒன்று பாடிக்கொண்டிருக்கும். பாதிச் சிரட்டை, அதன் வாயை மூடி இழுத்து ஒட்டிய மெல்லிய தோலோ காகிதமோ, ஒரு மூங்கில் குச்சி, ஓரிரண்டு கம்பி, அவ்வளவுதான் கருவி. ஹாரன் சத்தத்துக்கும் சுண்டல் கூவலுக்கும் நடுவே வில்லை இழுத்தாரென்றால், ஜலதோஷம் பிடித்த குழந்தை பாடுவதுபோல் மூக்கடைத்த ஒரு குரல் கிளம்பும். கொஞ்சம் கரகரப்பு, அதற்குள்ளேயே ஓர் இனிமை. நாலு ஸ்வரம் தாண்டுவதற்குள் பழைய சினிமாப் பாட்டு பிடிபட்டுவிடும். பஸ்ஸுக்கு நிற்பவர்களில் யாராவது ஒருவர் முணுமுணுக்கத் தொடங்குவார்.

வீணையில் இருப்பதுபோல் அந்தக் குச்சியில் மெட்டுகள் கிடையாது. விரல் நிற்கும் இடம்தான் ஸ்வரம். மயிரிழை தள்ளினால் அபஸ்வரம். அவரோ நடந்துகொண்டே வாசிக்கிறார். கண் கூட்டத்தைத் துழாவுகிறது, வாய் விலை சொல்கிறது, இடக்கை விரல் மட்டும் கம்பியில் வழுக்கிப்போய்ச் சரியான இடத்தில் நிற்கிறது. அடம்பிடித்து வாங்கிய பிள்ளை வீட்டில் இழுத்துப் பார்த்தால் 'கர்ர்' என்பதைத் தவிர ஒன்றும் வராது. கொடுத்த காசு கொட்டாங்கச்சிக்குச் சரியாகப் போயிற்று. அந்த வாசிப்பை அவர் இனாமாகத்தான் தந்திருக்கிறார்.